பிராய்லர் இல்லீங்க, லேயர்!

ஜூன் மாதம். நாமக்கல் வட்டாரத்தில் ஓர் உறைவிட மேல்நிலைப் பள்ளி. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினால் பல பள்ளிகளுக்குப் பொருந்தும். ப்ளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அறிமுகக் கூட்டம். பிள்ளைகள் மூன்றாவது மாடியில் முதல் ஸ்லிப் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தாளாளர் மேடையேறுகிறார். வழக்கமாக இந்த உரையில் ஒழுக்கம், தாய்ப்பாசம், அப்துல் கலாம் மூன்றும் தவறாமல் வரும். அன்றைக்கு மைக் செட்டில் ஏதோ கோளாறு. பேச எழுதி வைத்திருந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. மனதில் கிடந்தது ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. வந்தது வந்தபடி கீழே.

பெற்றோர் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னாடி நிக்கிற அண்ணன் உள்ள வாங்க, சேர் கிடக்குது. ராமநாதபுரத்துல ராத்திரி பஸ் ஏறி வந்தவங்க இருக்கீங்க. நாகப்பட்டினம், தர்மபுரி, திருவண்ணாமலைன்னு எங்கெங்கயோ இருந்து வந்திருக்கீங்க. உங்க ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்குதுங்க. அங்க படிச்சா பையன் சாயங்காலம் வீட்டுக்கு வருவான், அம்மா கையில சோறு திம்பான், தங்கச்சிகூடச் சண்டை போடுவான், தூக்கம் வந்தாத் தூங்கிருவான். அந்தப் பேராபத்துல இருந்து அவனைக் காப்பாத்தத்தான் நிலத்தை அடமானம் வச்சிட்டு இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க. நல்ல காரியம்.

மொதல்ல ஒரு அவப்பேரைத் தீர்த்துக்கறேன். நம்ம மாதிரிப் பள்ளிக்கூடங்களைப் பத்திரிகைக்காரங்க 'பிராய்லர் பள்ளி'ன்னு எழுதறாங்க. படிச்சவங்க இப்படித் தப்பா எழுதலாமுங்களா? பிராய்லர்ங்கிறது கறிக்கோழி. அது பல்லடம் பக்கம். நாமக்கல் லேயருங்க, முட்டைக்கோழி. பிராய்லரை நாப்பது நாள்ல வெட்டிருவாங்க, அதுக்கு விடுதலை சீக்கிரம். லேயர் அப்படியில்லை. அதைக் கூண்டுல நிக்க வச்சு மாசக்கணக்கா வேலை வாங்கணும். ஒண்ணை ஒண்ணு கொத்திக்காம இருக்கக் குஞ்சுலயே அலகைத் தீச்சு விடணும். நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் குடுக்கணும், இருட்டுனா முட்டை குறைஞ்சிரும். எல்லாத்துக்கும் மேல, கூண்டோட தரையைச் சரிவாப் போடணும். விட்ட முட்டை உருண்டு முன்னாடி வந்துரணும். கோழி தான் விட்ட முட்டையைத் தொடக்கூட முடியாது. இங்கயும் அந்த ஏற்பாடுதானுங்க. மார்க்கு உங்க பையனோடது. அது உருண்டு வந்து விழறது என் ஃப்ளெக்ஸ் போர்டுல.

ஒரே ஒரு வித்தியாசம். கோழிக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல விளக்குப் போட்டா ஏன்னு கேக்க நாமக்கல்லுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்குது. இங்க காலையில நாலரைக்கு எழுப்பறோம், ராத்திரி பத்தரைக்கு விளக்கணைக்கிறோம். பதினெட்டு மணி நேரம். ஏன்னு கேக்க ஆளில்லை. நீங்க கேப்பீங்களான்னு பாத்தேன். நீங்க "பத்தரைக்கே தூங்க விட்டுருவீங்களா சார்?"ன்னு கேட்டீங்க.

சட்டப்படி பள்ளிக்கூடத்துல லாபம் பாக்கக் கூடாது, நாங்க அறக்கட்டளையாத்தான் நடத்தறோம். அதனால நாங்க பண்றது அறம். பங்காளிங்க அஞ்சு பேரு. ரெண்டு பேர் கோழிப்பண்ணை, ஒருத்தர் லாரி, ஒருத்தர் திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் வண்டி, அஞ்சாவது ஆள் கணக்கு வாத்தியார். எங்களுக்குள்ள படிச்சவர் அவர் ஒருத்தர்தான். பங்கும் அவருக்குத்தான் கம்மி.

ஆனா இவங்க காகிதத்துல இருக்கிற பங்காளிங்க. காகிதத்துல இல்லாத பங்காளிங்க மூணு பேர் இருக்காங்க. அவங்களுக்கு இன்னிக்கு நன்றி சொல்லாம விட்டா நான் மனுசனில்லை.

மொத பங்காளி அரசாங்கம். 1984ல தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்துச்சு. கிராமத்துப் பிள்ளைங்க பாவம், கோச்சிங்குக்கு எங்க போகும்னு 2006ல சட்டம் போட்டு, அடுத்த வருசத்துல இருந்து அதை எடுத்துட்டாங்க. நல்ல நோக்கமுங்க. குறை சொல்லலை. ஆனா அதோட டாக்டர் சீட்டு மொத்தமும் ப்ளஸ் டூ மார்க்கு மேல வந்து உக்காந்துச்சு. உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கு அம்பது, வேதியியலுக்கு அம்பது. கட் ஆஃப் இருநூறு. அரை மார்க்குல சீட்டு கை மாறும். அந்த அரை மார்க்குக்கு நாங்க வெலை வச்சோம். கிராமத்துக்காரர் நிலத்தை வித்துட்டு எங்ககிட்ட வந்தாரு. எந்தக் கிராமத்துப் பிள்ளைக்காகச் சட்டம் போட்டாங்களோ, அதே பிள்ளை.

ப்ளஸ் ஒன்னுக்கு அப்பப் பொதுத் தேர்வு கிடையாது. கேள்வி வராத புத்தகத்தை எதுக்குங்க பிரிக்கணும்? ஜூன்ல சேர்ந்தவன் கையில நேரா ப்ளஸ் டூ புத்தகம். ஒரே புத்தகம் ரெண்டு வருசம். ஒன்பதாவதுலயும் அதே கதை, பத்தாவது புத்தகம். இன்ஸ்பெக்சன் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேக்காதீங்க. வர்றது முந்தின நாளே தெரிஞ்சிரும். அன்னிக்கு மட்டும் ப்ளஸ் ஒன் புத்தகம் மேசை மேல இருக்கும். "என்ன, கசங்காமப் புதுசா இருக்குது?"ன்னு ஒரு அதிகாரி கேட்டாரு. "எங்க பசங்க அவ்வளவு ஜாக்கிரதைங்க ஐயா"ன்னேன். பாராட்டிட்டுப் போனாரு. இந்தப் பசங்க இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய், ப்ளஸ் ஒன் கணக்கே தெரியாம மொத செமஸ்டர்ல முழிச்சது எங்க காம்பவுண்டுக்கு வெளிய நடந்த விசயம்.

2017ல கொஞ்சம் பயமுறுத்தினாங்க. இனிமே மாநில ரேங்க் அறிவிக்க மாட்டோம், ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு உண்டு, ரெண்டு வருசத்துக்கும் தலா அறுநூறு மார்க்குன்னாங்க. எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. 2018லயே, உயர்கல்விக்கு ப்ளஸ் ஒன் மார்க் சேராதுன்னு இறங்கி வந்துட்டாங்க. பரீட்சை இருந்துச்சு, பல்லு போயிருச்சு. 2025ல அந்தப் பரீட்சையையும் எடுத்தாச்சு. மாணவர்களோட மனச்சுமையைக் குறைக்கவாம். சுமை குறைஞ்சது வாஸ்தவமுங்க, என் மனசுல. பீரோவுல இருந்து பழைய டைம்டேபிளை எடுத்துத் தூசி தட்டினேன். ரேங்க் போனதும் பெரிய விசயமில்லை. 'பள்ளி முதலிடம்'னு போட்டுக்கறோம். எல்லாப் பள்ளியிலயும் ஒரு முதலிடம் இருக்குமில்லீங்களா?

அடுத்தது நூறு சதவீதத் தேர்ச்சி. இதுக்காகத்தான் நீங்க வந்தது, அதனால விவரமாச் சொல்றேன். இதுல ரெண்டு வேலை இருக்குது. ஒண்ணு வாங்கறது, இன்னொண்ணு கழிக்கிறது.

வாங்கறது இப்படி. பத்தாவதுல ஐநூறுக்கு நானூத்தித் தொண்ணூறு எடுத்த பிள்ளை எந்த ஊர்ல இருந்தாலும் எங்க ஆள் வீட்டுக்கே போயிருவார். ஃபீஸ் வேண்டாம், மெஸ் வேண்டாம், யூனிஃபார்ம்கூட நாங்களே. பெரும்பாலும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளையா இருக்கும். பத்து வருசம் அரசு வாத்தியார் உழைச்சு உருவாக்கின பிள்ளை. அதை ரெண்டு வருசம் இங்க உக்கார வச்சா, ரிசல்ட் அன்னிக்குப் போட்டோ எங்க போர்டுல வரும். நல்லாப் படிக்கிற பிள்ளையை வாங்கி நல்ல மார்க் வாங்க வைக்கிறதுல என்ன கெட்டிக்காரத்தனம்னு நீங்க கேக்கலாம். கேக்க மாட்டீங்க. அந்தப் பிள்ளையோட ஃபீஸும் உங்க ரசீதுலதான் இருக்குது. ரசீதை யாரும் படிக்கிறதில்லை.

கழிக்கிறது இன்னும் சுலபம். முட்டை விடறது நின்னுபோன கோழிக்கு யாராவது தீனி போடுவாங்களா? ஒன்பதாவது முழுப் பரீட்சையில தள்ளாடறவனோட அப்பாவைக் கூப்பிடுவோம். "உங்க பையன் மேல எங்களுக்கு ரொம்ப அக்கறைங்க, அதனால வேற பள்ளிக்கூடம் பாருங்க"ன்னு டீசியைக் கையில குடுப்போம். அம்பது பேரைக் கழிச்சிட்டு மிச்சத்தைப் பரீட்சைக்கு அனுப்பினா நூறு சதவீதம் தானா வரும். கழிச்சவன் எங்க போவான்? அரசுப் பள்ளிக்கு. அங்க அவன் பெயிலானா, "அரசுப் பள்ளி தேர்ச்சி சரிவு"ன்னு மறுநாள் பேப்பர்ல வரும். அதைப் படிச்சிட்டு நீங்க இங்க வருவீங்க.

இது அரசாங்கத்துக்குத் தெரியாதுன்னு நினைச்சிராதீங்க. தமிழ்நாட்டுல ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர் இருக்குது. நான் டீசி குடுத்த நிமிசம் அந்த நம்பர் என் பள்ளியை விட்டுக் 'காமன் பூல்'ல போய் விழும். எந்தப் பள்ளிக்கூடம் ஒன்பதாவது முடிச்ச எத்தனை பேரைப் பத்தாவதுக்கு முன்னாடி வெளிய தள்ளுச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டினாத் தெரியும். தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்துல கழிச்ச சதவீதத்தையும் அச்சடிச்சா, அடுத்த ஜூன்ல நான் மறுபடி கோழிப்பண்ணைக்குத்தான் போகணும். அந்தப் பட்டனை இதுவரைக்கும் யாரும் தட்டலை. அதனாலதான் மொத பங்காளின்னேன்.

இனிமே படிப்பைப் பத்தி. எம் பையன் கேள்வி கேக்கற பையன்னு ஒரு அம்மா பெருமையாச் சொன்னாங்க. கவலைப்படாதீங்க அம்மிணி, மூணு மாசத்துல சரியாயிரும். கேள்வி எல்லாம் புத்தகத்துல பாடத்துக்குப் பின்னாடியே இருக்குது, 'புக் பேக்'. பதில் நோட்ஸ்ல இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல உங்க பையனுக்கு என்ன வேலை? மனப்பாடம் பண்றது, ஒப்பிக்கிறது, எழுதிப் பாக்கறது, மறுபடி ரிவிஷன். சொந்த வாக்கியத்துல எழுதினா திருத்தறவருக்குச் சந்தேகம் வந்துரும். காற்புள்ளி மாறினாக்கூட ஐம்பது தடவை இம்போசிஷன். இப்படி ஒளிச்சேர்க்கையை நானூறு தடவை எழுதின பையன் ரெண்டு வருசத்துல ஒரு செடியைத் தொட்டிருக்க மாட்டான். லேப் ரெக்கார்டுல முடிவு மொதல்ல, சோதனை அப்புறம். சோதனைக்கு நேரமில்லைன்னா அதுவும் வேண்டாம்.

நூலகம் இருக்குது. ஏசி போட்டது. ஆய்வு வரும்போது திறப்போம். விளையாட்டு மைதானம் நோட்டீஸ்ல குதிரையோட இருக்குதே, அது நிசம்தான். குதிரை மட்டும் வாடகை. பீஇடி பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்குவார். காம்பவுண்டுக்குள்ள தமிழ் பேசினா ஃபைன். தமிழ்ல சென்டம் எடுத்தாப் பரிசு. பசங்களுக்கு ஒரு படி, பொண்ணுங்களுக்கு வேற படி. உயிரியல்ல இனப்பெருக்கம் அஞ்சு மார்க் கேள்வி, அதை எல்லாரும் ஒப்பிச்சிருவாங்க. எதிர்ல வர்ற பொண்ணுகிட்ட 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டாத்தான் அப்பாவை வரச் சொல்லுவோம்.

ஓசூர்ல 2015 மார்ச்சுல ப்ளஸ் டூ கணக்குத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பித் தனியார் பள்ளி வாத்தியாருங்க கைதானாங்க, ஞாபகம் இருக்குதுங்களா? அவங்களை எங்க தொழில்ல யாரும் மன்னிக்கலை. மாட்டினதுக்கு.

அடி உண்டான்னு ஒரு தாத்தா கேட்டாரு. உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆவது பிரிவு இருக்குதுங்க ஐயா. ஆனா அந்தச் சட்டம் ஆறு வயசுல எழுந்து பதினாலு வயசுல படுத்துரும். நம்ம வியாபாரம் பதினஞ்சுல ஆரம்பம். அடிக்கக் கூடாதுன்னு மாநில விதியும் தனியா இருக்குது, ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கோம். வார்டனுக்கு ஆபீஸ் பக்கம் வேலை கிடையாது.

ரெண்டாவது பங்காளி இங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்க, பத்திரிகை விளம்பரப் பிரிவு. ரிசல்ட் அன்னிக்கு மொத பக்கம் முழுசும் என்னோடது. முப்பது பிள்ளைங்க முகம், தபால்தலை அளவுல. அதே பேப்பர் உள்பக்கத்துல 'மதிப்பெண் மட்டுமே வாழ்க்கையல்ல'ன்னு தலையங்கம் வரும். மொத பக்கத்துக்கு நான் பணம் கட்டறேன். தலையங்கம் அவங்க தர்ற தள்ளுபடி.

2017ல நீட் வந்தப்ப நாங்க முடிஞ்சோம்னு ஊரே சிரிச்சுது. ஒப்பிச்சு எடுத்த மார்க்குக்கு மதிப்பில்லைன்னாங்க. அரியலூர் மாவட்டத்துல ஒரு சுமை தூக்கற தொழிலாளி மகள், அனிதா. ஆயிரத்து இருநூறுக்கு 1176. நீட் வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ப் பாத்துச்சு அந்தப் புள்ளை. செப்டம்பர் 1ஆம் தேதி போய்ச் சேந்துருச்சு. தமிழ்நாடே அழுதுது. நாங்களும் பள்ளி வளாகத்துல மௌன அஞ்சலி செலுத்தினோம். அஞ்சலி முடிஞ்சதும் 'நீட் கோச்சிங் சேர்க்கை நடைபெறுகிறது'ன்னு போர்டு எழுதக் குடுத்தோம்.

நீட் எங்களை ஒழிக்கலைங்க, வளத்துச்சு. முன்ன ரெண்டு வருசத்துல பையன் எங்க கையை விட்டுப் போயிருவான். இப்பக் கெடைக்கலைன்னா மூணாவது வருசம், நாலாவது வருசம். 'லாங் டெர்ம்'னு பேரு. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021ல அறிக்கை குடுத்துச்சே. மருத்துவ சீட் வாங்கினவங்கள்ல திரும்பத் திரும்ப எழுதி வந்தவங்க 2016-17ல 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 2020-21ல 71 சதவீதத்துக்கு மேல. சமூக நீதி செத்துப்போச்சுன்னு அதைப் படிச்சவங்க பதறினாங்க. நான் அதை எங்க ஆடிட்டர்கிட்டக் குடுத்தேன். பதினாறு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைக் கோச்சிங் சென்டர்ல சேக்கக் கூடாதுன்னு 2024 ஜனவரியில மத்திய அரசு வழிகாட்டுதல் குடுத்துச்சு. நமக்கு அது ஒட்டாது. கோச்சிங்னு கேட்டு வந்தா நாங்க பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம்னு கேட்டு வந்தா நாங்க கோச்சிங்.

2019 அக்டோபர்ல நாமக்கல்லுல ஒரு கல்விக் குழுமத்துல வருமான வரித்துறை சோதனை போட்டாங்க. நீட் கோச்சிங்கும் நடத்தற இடம். ரொக்கமா மட்டும் 30 கோடி ரூபாய். அதுல பெரும் பங்கு பள்ளி வளாகத்துல இருந்த ஆடிட்டோரியத்துல இருந்துச்சு. ஆடிட்டோரியத்துல நாடகம் போடறதில்லை, பாட்டுப் போட்டி நடத்தறதில்லைன்னு குறை சொன்னீங்களே, எதுக்குன்னு இப்பப் புரியுதுங்களா? நாங்க அறக்கட்டளைங்க. பணம் எங்களுக்குப் பெரிசில்லை, அதனாலதான் ரசீது போடலை.

விடுதிப் பாதுகாப்பு பத்திக் கேட்டிருந்தீங்க. பெண்கள், குழந்தைகள் தங்கற விடுதியை முறைப்படுத்த 2014ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே வந்துருச்சு. பதிவு பண்ணணும், இடத்துக்கு ஏத்தபடிதான் ஆளைச் சேக்கணும், காப்பாளர் இருக்கணும். அருமையான சட்டம். 2022 ஜூலையில கள்ளக்குறிச்சிப் பக்கம் கனியாமூர்ல, விடுதியில தங்கிப் படிச்ச ப்ளஸ் டூ மாணவி இறந்துபோனப்பத்தான், அந்த விடுதிக்கு முறையான அனுமதியே இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. சட்டம் வந்து எட்டு வருசம். நாலு நாள் கழிச்சுக் கூட்டம் புகுந்து பள்ளியை அடிச்சு நொறுக்குச்சு, பஸ்ஸை எரிச்சுது. மறுநாள் மாநிலம் முழுக்க நூத்துக்கணக்கான தனியார் பள்ளிக்கூடங்க கதவைச் சாத்தி எதிர்ப்பைக் காட்டுச்சு. பொண்ணு செத்ததுக்கு இல்லீங்க. பஸ் எரிஞ்சதுக்கு. பொண்ணு செத்த மறுநாள் எங்கயும் ஒரு மணிகூடத் தப்பாம அடிச்சுது.

ராஜஸ்தான்ல கோட்டான்னு ஒரு ஊரு. கோச்சிங்குக்குன்னே இருக்கிற ஊர். அங்க தங்கிப் படிக்கிற பிள்ளைங்க வரிசையாச் செத்துட்டே இருந்தாங்க. 2023 ஆகஸ்டுல மாவட்ட நிர்வாகம் ஒரு முடிவெடுத்துச்சு: விடுதி மின்விசிறியில எல்லாம் ஸ்பிரிங் மாட்டணும். அரசாங்கம் எவ்வளவு நுணுக்கமா யோசிக்குது பாருங்க. டெஸ்டை நிறுத்தச் சொன்னது அதுக்கப்புறம்தான், அதுவும் ரெண்டு மாசத்துக்கு மட்டும். மொதல்ல தப்பு செஞ்சது ஃபேன். ஃபேனைத் திருத்திட்டாங்க.

பக்கத்துல அரசு விடுதி இருக்குதே, அங்க விட்டா என்னன்னு ஒருத்தர் மெதுவாக் கேட்டாரு. தாராளமா விடலாம். அங்க பள்ளி மாணவருக்கு உணவுப் படி மாசம் ஆயிரம் ரூபாயா இருந்துச்சு, 2023ல 1,400 ஆக்கினாங்க. ஒரு நாளைக்கு நாப்பத்தேழு ரூபாய்கூட இல்லை, மூணு வேளைக்கு. வளர்ற பையனுக்கு. இந்தக் கூட்டத்துக்கு வர்றப்ப வழியில நீங்க குடிச்ச டீக்கும் தின்ன ரெண்டு வடைக்கும் எவ்வளவு ஆச்சு? 2025 ஜூலையில அந்த விடுதிக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி'ன்னு பேர் மாத்தியாச்சு. பெயின்டர் வந்தார். சமையலுக்குக் கூடுதலா ஆள் வந்தாரான்னு போய்ப் பாத்துக்கங்க. அரசாங்கம் நாப்பத்தேழு ரூபாய்க்கு விடுதி நடத்தற வரைக்கும் நான் விளம்பரத்துக்குச் செலவு பண்றதே வீண்.

மூணாவது பங்காளி யாருன்னு இதுக்குள்ள புரிஞ்சிருக்கும். நீங்கதான்.

சங்கடமா இருக்குதுங்களா? உங்க நிலைமை எனக்குத் தெரியும். லாரி ஓட்டறவர் இருக்கீங்க, கடலை மில்லுல மூட்டை தூக்கறவர் இருக்கீங்க. எம் பிள்ளை என்னை மாதிரி ஆயிரக் கூடாதுங்கிறது ஒண்ணுதான் உங்க மனசுல ஓடுது. அந்தப் பயம் நியாயமான பயம். அதை உங்களுக்கு உண்டாக்கினது நானில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இடத்தைக் காலியா வச்சவன் உண்டாக்கினான். படிச்சா ரெண்டே வேலை, டாக்டர், இன்ஜினியர்னு சொல்லிக் குடுத்தவன் உண்டாக்கினான். நான் அதைத் தவணையில வசூல் பண்றேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு மறந்துராதீங்க. சேர்க்கைப் படிவத்துல உங்ககிட்ட இருபத்திரண்டு விவரம் கேட்டோம். சாதி கேட்டோம், வருமானம் கேட்டோம், பத்தாவது மார்க் கேட்டோம். 'பிள்ளைக்கு இங்க தங்கிப் படிக்க விருப்பமா?'ன்னு கேக்கலை. அந்த வரி இல்லையேன்னு உங்கள்ல ஒருத்தரும் கேக்கலை.

ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிசம் போன் பேச விடுவோம். மொத வாரம் பையன் அழுவான். "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிரு"ம்பான். பக்கத்துல வார்டன் நிப்பார், அதனால முழுசாச் சொல்ல மாட்டான். நீங்க என்ன சொல்லணும்னு சொல்லித் தர்றேன். "கட்டின பணம் எவ்வளவு தெரியுமா?"ன்னு கேளுங்க. ரெண்டாவது வாரம் "போன டெஸ்டுல எவ்வளவு?"ன்னு கேளுங்க. நாலாவது வாரத்துல அழுகை நின்னுரும். பையன் செட்டாயிட்டான்னு நாங்க எழுதிக்குவோம். செட்டாகறதும் சொல்றதை நிறுத்திக்கிறதும் வெளிய இருந்து பாத்தா ஒண்ணு மாதிரித்தான் இருக்கும்.

கடைசியா ஒரு உறுதிமொழிப் படிவம் வருது, கையில வாங்கிக்கங்க. 'விடுதியில் என் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல.' கோர்ட்டுல இது செல்லாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார். இருந்தாலும் வாங்கிக்கிறோம். கோர்ட் வரைக்கும் வர்றதுக்கு முன்னாடி உங்களை நிறுத்த இந்தக் கையெழுத்தே போதும். கீழே சாட்சிக்கு ரெண்டு இடம் விட்டிருக்கு. ஒண்ணுல கல்வித்துறை எப்பவோ போட்டுருச்சு, வாயை மூடிட்டு. இன்னொண்ணுல பத்திரிகை, முழுப் பக்கத்துல. பெற்றோர்ங்கிற இடம் மட்டும்தான் காலி.

மனசில்லாதவங்க எந்திரிச்சுப் போகலாம், கேட்டு திறந்துதான் இருக்குது. வெளிய எழுபது பேர் நிக்கிறாங்க, உங்க சேர் அவங்களுக்கு வேணும்.

யாரும் எந்திரிக்கலையா? சந்தோசம். பேனா இல்லாதவங்க மட்டும் கையைத் தூக்குங்க.